செட்டிநாட்டு வீட்டின் உட்சுவரை இடிக்கலாமா? சுவர் வகைகளும் ஒவ்வொன்றின் வேலையும்

வளவுவாசி (கானாடுகாத்தான் பக்கம்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஐயாவின் அப்பச்சி 1920-களில் கட்டிய வீட்டில் எங்கள் பங்காக வந்திருக்கும் பகுதியைப் பழுது பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வழக்கமான அமைப்புதான். இரண்டாம் கட்டில் அடுத்தடுத்து இரண்டு அறைகள் இருக்கின்றன. நடுவிலுள்ள சுவரை எடுத்துவிட்டால் விசேஷங்களுக்கு நூறு பேர் உட்காரும்படி ஒரே கூடமாகிவிடும் என்பது என் தம்பியின் விருப்பம். வேலையை எடுத்துச் செய்ய வந்த ஒப்பந்தக்காரர், "இது உள்சுவர்தானே, வெளிச்சுவர்தான் பாரம் தாங்கும், தாராளமாக இடிக்கலாம்" என்று சொல்லிவிட்டார். ஆனால் நாடா வைத்து அளந்து பார்த்தபோது வெளிச்சுவர் 24 அங்குலமும் இந்த உட்சுவர் 18 அங்குலமும் இருந்தன. ஒன்றுமில்லாத சுவருக்கு 18 அங்குலம் எதற்கு வைத்தார்கள் என்ற கேள்வி எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. இந்த அறைகளுக்கு மேலே ஒரு மாடி அறையும் உண்டு.

இரண்டாவதாக, பின்கட்டைத் தாண்டி இருக்கும் காலி இடத்தில் இரண்டு அறையும் ஒரு குளியலறையும் கொண்ட சிறு வீடு ஒன்றைப் புதிதாகக் கட்ட வேண்டும். அதற்கு 9 அங்குலச் சுவர் போதுமென்று ஒருவரும், நாலரை அங்குலமே போதுமென்று இன்னொருவரும், வெள்ளை நிற இலகுக் கல்லில் கட்டுங்கள் என்று மூன்றாமவரும் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன்.

---

ரசமட்டம் (கட்டுமானப் பொறியாளர், காரைக்குடி)

ஐயா, முதலில் அந்த இடிப்பு வேலையை நிறுத்தி வையுங்கள். வெளிச்சுவர் பாரம் தாங்கும், உட்சுவர் தாங்காது என்பது தூண்களும் உத்திரங்களும் கொண்ட கான்கிரீட் சட்டக வீட்டைப் பார்த்துப் பழகியவர்கள் சொல்லும் பேச்சு. அங்கே தூண்கள் எடையைத் தாங்குகின்றன. சுவர் இடையை அடைப்பதற்கு மட்டுமே. உங்கள் வீட்டில் வளவைச் சுற்றியும் முகப்பிலும் உள்ள மர, கல் தூண்களைத் தவிர வேறு தூண்கள் கிடையாது. ஆகவே அறைகளுக்கு மேலே இருக்கும் அவ்வளவும் சுவர்களின் தலையில்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு சுவர் பளு தாங்கும் சுவரா, வெறும் தடுப்புச் சுவரா என்பதை அறிய அந்தச் சுவரைப் பார்ப்பதைவிட அதற்கு மேலே இருப்பதைப் பார்க்க வேண்டும். தேக்கு உத்திரங்களின் நுனி எந்தச் சுவரில் போய்ச் செருகியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு அறைகளின் உத்திரங்களும் இந்த நடுச்சுவரில் வந்து முடிந்தால், அது இரண்டு அறைகளின் தளத்திலும் பாதிப் பாதியைச் சுமக்கிறது. பிறகு மாடிக்கு ஏறி, மாடி அறையின் சுவர் இதற்கு நேர்மேலே நிற்கிறதா என்று அளந்து பாருங்கள். நேர்மேலே நின்றால் கணக்கு எப்படிப் போகிறது என்று காட்டுகிறேன். செங்கல் கட்டு ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.9 டன் எடை உள்ளது. 18 அங்குலக் கனமும் 10 அடி உயரமும் உள்ள மாடிச் சுவர் ஒரு மீட்டர் நீளத்துக்கு 2.6 டன் வரும். நீங்கள் 10 அடி அகலத்துக்குத் திறந்தால் ஏறத்தாழ 8 டன். அதன் மேல் கூரையும், தளமும், அதில் நடமாடும் மனிதர்களும் சேர வேண்டும். இவ்வளவு காலமும் சுவரின் நீளம் முழுவதும் பரவி அடிமானத்துக்கு இறங்கிய அந்த எடை, இனி இரண்டு ஓரங்களில் இரண்டு இடங்களில் மட்டும் இறங்கும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய செங்கல் அந்த ஒருமுனை அழுத்தத்தைத் தாங்குமா, அதற்குக் கீழே உள்ள அடிமானம் தாங்குமா என்பதெல்லாம் தனித்தனியாகப் பார்க்க வேண்டியவை.

இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை. உங்கள் பக்கச் சுவர்கள் தெருவிலிருந்து தெரு வரைக்கும் நூறு அடிக்கு மேல் நீளமாக ஓடும் சுவர்கள். அவ்வளவு நீளமான சுவர் தன் கனத்தால் மட்டும் நிமிர்ந்து நிற்பதில்லை. கட்டுக்குக் கட்டு, அறைக்கு அறை குறுக்கே வந்து கோத்துக்கொள்ளும் உட்சுவர்கள்தான் அதைப் பக்கவாட்டில் சாயாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. உத்திரம் ஒன்றுகூட வந்து உட்காராத உட்சுவராக இருந்தாலும் இந்தப் பிடிப்பு வேலையை அது செய்துகொண்டிருக்கும். அதை எடுத்துவிட்டால் பக்கச் சுவரின் பிடிப்பில்லாத நீளம் இரண்டு மடங்காகிவிடும். மேலேயிருந்து எடை வரவில்லை என்பதற்காக ஒரு சுவரை வேலையற்றது என்று முடிவு கட்டிவிட முடியாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

புதிய வீட்டைப் பற்றிய கேள்விக்கு ஒரு அளவுகோல் தருகிறேன். சுவரின் உயரத்தை அதன் கனத்தால் வகுத்தால் வருவது ஒல்லித்தன்மை விகிதம். பளு தாங்கும் செங்கல் சுவர்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1905-இன்படி (1905 என்பது அதன் எண், ஆண்டு அன்று), சிமெண்டுச் சாந்தில் கட்டினால் அது 27-ஐத் தாண்டக்கூடாது. இரண்டு மாடிக்கு மேற்படாத கட்டடத்தில் சுண்ணாம்புச் சாந்து என்றால் 20-ஐத் தாண்டக்கூடாது. உங்கள் 18 அங்குலச் சுவர் 14 அடி உயரம் என்று வைத்தால்கூட விகிதம் 10-க்குள் அடங்கிவிடுகிறது. நாலரை அங்குலச் சுவரை 10 அடிக்கு உயர்த்தினால் 27-ஐத் தொட்டுவிடுகிறது. மேலே தளம் இறுகப் பிடித்திருந்தால் உயரத்தைக் குறைத்துக் கணக்கிடலாம் என்ற சலுகை உண்டு. ஆயினும் நாலரை அங்குலச் சுவரின் தலையில் தளத்தை உட்கார வைக்க நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

---

தூக்குக்குண்டு (மூன்று தலைமுறையாகக் கொத்து வேலை, தேவகோட்டை)

பொறியாளர் ஐயா சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. உத்திரத்தைப் பார்ப்பதோடு இன்னொரு சோதனையும் இருக்கிறது. அதை என் அப்பா எனக்குக் காட்டிக்கொடுத்தார்.

நடுச்சுவரும் பக்கச் சுவரும் சேரும் மூலையில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், ஒரு சதுர அடி அளவுக்குப் பூச்சை மட்டும் கவனமாக எடுத்துவிடுங்கள். சுத்தியலை ஓங்கி அடிக்க வேண்டாம். உளியைப் படுக்க வைத்து மெல்லத் தட்டினால் போதும். முதலில் கண்ணாடி போலப் பளபளக்கும் மேற்பூச்சு தகடு தகடாக வரும். அதன் பின்னே வெண்மையான மெல்லிய பூச்சு, அதற்கும் பின்னே மணல் கலந்த கரடான அடிப்பூச்சு என்று ஒவ்வொன்றாக வரும். கடைசியில் செங்கல் தெரியும்போது கூர்ந்து பாருங்கள். ஒரு வரிசையில் நடுச்சுவரின் கல் பக்கச் சுவருக்குள் நுழைந்தும், அடுத்த வரிசையில் பக்கச் சுவரின் கல் குறுக்கே ஓடியும், கைவிரல்களைக் கோத்தது போல மாறி மாறி இருந்தால் இரண்டு சுவரும் ஒரே காலத்தில் சேர்த்து எழுப்பப்பட்டவை. அதைத் தொடவே கூடாது. மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோடாக இணைப்பு இறங்கினால், அந்தச் சுவர் பிற்காலத்தில் பாகம் பிரித்தபோது எழுப்பிய தடுப்பாக இருக்கலாம். அப்போதும் உத்திரத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் இப்படித்தான், தடுப்புதானே என்று உள்சுவர் ஒன்றின் கீழ்ப்பாதியை ஒரே நாளில் எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலையில் மாடித் தளத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்கு வெடிப்பு விழுந்திருந்தது. உடனே சவுக்குக் கட்டைகளைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அந்த வெடிப்பை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

---

பள்ளத்தூர் ஆச்சி

சுவர் என்றால் எடை தாங்குவது மட்டும்தானா என்று கேட்க வந்தேன். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தம்பி வளவுவாசிக்கு உதவக்கூடும்.

எங்கள் அப்பத்தா காலத்திலிருந்து வளவின் வடக்குப் பக்கத்து அறைச் சுவர் கீழே இரண்டடி உயரம் வரைக்கும் மழைக்காலத்தில் கொஞ்சம் நிறம் மங்கி, கோடையில் தானாகவே வெளுத்துவிடும். அதை ஒரு குறையாக யாரும் எண்ணியதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு வீட்டைப் புதுப்பிக்க வந்தவர்கள், சுண்ணாம்புப் பூச்சு பழசாகிவிட்டது, சிமெண்டு பூசிவிட்டால் நூறு ஆண்டு நிற்கும் என்றார்கள். நாங்களும் நம்பிப் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு நான்கடி உயரத்துக்குச் சிமெண்டுப் பூச்சும், அதன்மேல் விலை உயர்ந்த பெயிண்டும் அடித்தோம். முதல் ஐப்பசி, கார்த்திகை மழையிலேயே ஓதம் நான்கடியைத் தாண்டி ஐந்தரை அடிக்கு ஏறிவிட்டது. சிமெண்டுப் பூச்சு முடியும் கோட்டுக்கு மேலே நல்ல நிலையில் இருந்த பழைய பூச்சு பொரிந்து பொரிந்து உதிர்ந்தது. தினமும் காலையில் கூட்டும்போது வெண்ணிற உப்புத் தூள் ஒரு கைப்பிடி அளவுக்குச் சேரும். சுவரோரம் இருந்த அலமாரியின் பின்பலகை பூசணம் பிடித்து, அதில் வைத்திருந்த பட்டுப் புடவைகள் வீணாயின.

இவ்வளவு காலமும் இரண்டடியில் நின்ற ஈரம் ஏன் மேலே ஏறியது? பொறியாளர் தம்பி விளக்க வேண்டும்.

---

ரசமட்டம்

ஆச்சி, நீங்கள் கேட்டிருப்பது சுவரின் இரண்டாவது பெரிய வேலையைப் பற்றிய கேள்வி. செங்கல் நுண்துளைகள் நிறைந்த பொருள். நல்ல செங்கல்லே தன் எடையில் 20 விழுக்காடு வரைக்கும் நீரை உறிஞ்சலாம் என்று தர நிர்ணயம் அனுமதிக்கிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல அடிமானத்து ஈரம் சுவருக்குள் ஏறுகிறது. எவ்வளவு உயரம் ஏறும் என்பதை, கீழேயிருந்து வரும் நீருக்கும் சுவரின் முகப்பிலிருந்து ஆவியாகிப் போகும் நீருக்கும் இடையே உள்ள சமநிலைதான் தீர்மானிக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு ஆவியை வெளியே விடும். ஆகவே இரண்டடிக்குள் வந்த நீர் முழுவதும் காற்றில் கலந்துவிட்டது. சிமெண்டுப் பூச்சும் அதன்மேல் நெகிழிப் படலம் போன்ற பெயிண்டும் அந்த வழியை அடைத்துவிட்டன. நீர் தனக்கு வழி கிடைக்கும் இடம் வரைக்கும், அதாவது சிமெண்டுப் பூச்சு முடிந்து பழைய பூச்சு தொடங்கும் இடத்துக்கு ஏறிப் போயிற்று. நீரோடு கரைந்து வந்த உப்பு அங்கே பூத்து, பூச்சை உள்ளிருந்து நெம்பித் தள்ளியது.

புதிதாகக் கட்டும் சுவரில் இதற்காகத்தான் தரைமட்டத்துக்கு மேலே, பேஸ்மட்டத்தின் தலையில், ஈரம் ஏறாத ஒரு தடுப்பு அடுக்கை வைக்கிறோம். அது வெளித்தரையிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் உயரத்திலாவது இருக்க வேண்டும்; இல்லையென்றால் மழை தெறித்து அந்த அடுக்கைத் தாண்டிப் போய்விடும். பழைய வீடுகளில் அப்படி ஓர் அடுக்கைத் தனியாக வைக்கவில்லை என்றாலும், வீட்டைத் தெருவிலிருந்து ஆளுயரத்துக்கு எழுப்பியதும், கூரையை வெளியே நீட்டியதும், முற்றத்து நீரை வாய்க்கால் வைத்து ஊருணிப் பக்கம் அனுப்பியதும் சேர்ந்து அந்த வேலையைப் பெருமளவு செய்தன. தெருவை ஆண்டுக்காண்டு உயர்த்திப் போட்டுக்கொண்டே போவதால் அந்த உயரம் குறைந்துகொண்டே வருவது செட்டிநாட்டு ஊர்களில் இன்று நான் காணும் பெருங்கவலை.

சுண்ணாம்பைப் பற்றியும் ஒரு சொல். சுண்ணாம்புக்கல்லை அல்லது கிளிஞ்சலைக் காளவாயில் ஏறத்தாழ 900 பாகைச் செல்சியசில் சுட்டால் அதிலுள்ள கரிவளி (கரியமில வாயு) வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. அதை நீர் தெளித்துத் தாளித்து, புளிக்க வைத்து, மணலோடு அரைத்துச் சாந்தாக்குகிறோம். பூசிய பிறகு காற்றிலுள்ள கரிவளியை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாகவே இறுகுகிறது. மெல்ல இறுகுவதால்தான் சிறு அசைவுகளுக்கு வெடிக்காமல் இடம் கொடுக்கிறது. செட்டிநாட்டுச் சுவர் முழுவதும் முட்டை வெள்ளைக்கருவில் கட்டியது என்று பலரும் எழுதுகிறார்கள், அது சரியன்று. கடுக்காய் நீரும் வெல்லப் பாகும் சாந்தில் சேர்ந்தன. வெள்ளைக்கரு சேர்ந்தது கடைசியாகத் தேய்த்து மெருகேற்றும் பூச்சில்தான்.

---

பள்ளத்தூர் ஆச்சி

விளக்கத்துக்கு நன்றி, தம்பி. நாங்கள் செய்த பரிகாரத்தையும் பதிவு செய்கிறேன். சிமெண்டுப் பூச்சு முழுவதையும் எடுத்துவிட்டு, தையிலிருந்து ஆனி வரைக்கும் சுவரை வெறும் செங்கல்லாகவே விட்டுவைத்தோம். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் உலர்ந்த தூரிகையால் மட்டும் தட்டித் தட்டி எடுத்தோம். ஆடிக்கு முன்னால் சுண்ணாம்புப் பூச்சே போட்டோம். இப்போது இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. ஓதம் பழையபடி இரண்டடியிலேயே நிற்கிறது.

---

நிழல்முற்றம் (கட்டடக் கலைஞர், சொந்த ஊர் கோனாபட்டு)

புதிய வீட்டைப் பற்றிப் பேச்சு குறைவாக இருப்பதால் எழுதுகிறேன். இந்தப் பகுதியின் சித்திரை, வைகாசி வெயிலில் சுவருக்கு முதற்கடமை வெப்பத்தைத் தள்ளிப்போடுவதுதான் என்பது என் கருத்து.

வெயில் பட்ட சுவரின் வெளிமுகத்துச் சூடு உடனே உள்ளே வந்துவிடுவதில்லை. நாலரை அங்குலச் செங்கல் சுவரில் இரண்டரை மணி நேரத்தை ஒட்டியும், 9 அங்குலத்தில் ஏறத்தாழ 6 மணி நேரத்திலும், ஓரடிச் சுவரில் 8 மணி நேரத்துக்கு மேலும் ஆன பிறகுதான் உள்முகம் உச்சச் சூட்டை அடைகிறது. உங்கள் ஐயா வீட்டின் இரண்டடிச் சுவரில் நண்பகல் வெயில் உள்ளே வந்து சேர்வதற்குள் இரவு வந்து, வெளிமுகம் குளிரத் தொடங்கி, வெப்பம் திரும்பிப் போய்விடுகிறது. வளவு முற்றத்தின் வழியாக இரவுக் காற்று இறங்கி உள்முகத்தையும் ஆற்றிவிடுகிறது. முற்றம் இல்லாமல், சன்னலையும் சாத்திவிட்டு, கனத்த சுவரை மட்டும் எழுப்பினால் இரவு முழுவதும் அது அடுப்புக் கல்லைப் போல அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். பழைய வீட்டின் குளிர்ச்சிக்குச் சுவரின் கனத்தை மட்டும் காரணமாகச் சொல்பவர்கள் முற்றத்தை மறந்துவிடுகிறார்கள்.

இலகுக் கல், அதாவது காற்றூட்டிய ஏ.ஏ.சி. கல், வேறு வழியில் செயல்படுகிறது. கன மீட்டருக்கு 550 முதல் 650 கிலோ வரைதான் எடை. செங்கல் கடத்தும் வெப்பத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைத்தான் கடத்தும். சட்டக வீட்டில் இடையை அடைக்க அருமையான பொருள். தூணுக்கும் அடிமானத்துக்கும் பாரம் குறையும். ஆனால் உங்கள் சிறு வீடு தூணில்லாமல் சுவரின் மேலேயே தளம் உட்காரும் வீடு என்றால், அதற்கு நான் அந்தக் கல்லைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எலிப்பொறிக் கட்டு என்ற ஒன்றை நீங்கள் எண்ணிப் பார்க்கலாம். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பெரிதும் பரப்பிய முறை அது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்திக் கட்டுவதால் 9 அங்குலச் சுவரின் நடுவே காற்று அடைபட்ட வெற்றிடம் கிடைக்கும். செங்கல்லில் ஏறத்தாழ கால் பங்கு மிச்சமாகும், வெப்பமும் குறைவாகவே உள்ளே வரும், பளுவும் தாங்கும்.

---

தூக்குக்குண்டு

கட்டடக் கலைஞர் ஐயா சொன்ன எலிப்பொறிக் கட்டை நான் இரண்டு வீடுகளில் கட்டியிருக்கிறேன். முறை நல்ல முறைதான். ஆனால் கல்லின் விளிம்பு கூர்மையாகவும் அளவு ஒன்று போலவும் இருக்க வேண்டும். இப்போது சூளையிலிருந்து வரும் கல்லில் ஒரு சுமைக்குள்ளேயே கால் அங்குலம் வித்தியாசம் இருக்கிறது. மேலும் கட்டி முடித்த பிறகு மின்சார வேலைக்காரர் வந்து குழாய்க்காகச் சுவரைப் பிளந்தால் வெற்றிடம் திறந்துகொண்டு சுவரின் வலுவே போய்விடும். குழாய் எங்கே ஏறும், சுவிட்சுப் பெட்டி எங்கே வரும் என்பதை முதல் வரிசை வைக்கும் முன்பே முடிவு செய்யக்கூடிய வீட்டுக்காரருக்கு மட்டும்தான் அதைக் கட்டித் தருவேன்.

இலகுக் கல்லைச் சாதாரணச் சாந்தில் அரை அங்குல இணைப்பு வைத்துக் கட்டிவிட்டு, பூச்சில் வெடிப்பு விழுகிறது என்று கல்லைக் குறை சொல்கிறார்கள். அதற்கென்றுள்ள பசைக் கலவையில் மெல்லிய இணைப்பாகக் கட்ட வேண்டும். கான்கிரீட் தூணும் கல்லும் சேரும் இடத்தில் கோழிவலை அடித்துவிட்டுத்தான் பூச வேண்டும். இரண்டும் வெவ்வேறு விதமாகச் சுருங்கும் பொருள்கள்.

வளவுவாசி ஐயா எந்த முறையைத் தேர்ந்தாலும் ஐந்து காரியங்களை நின்று பார்த்து வாங்குங்கள். செங்கல்லைக் குமிழி அடங்கும் வரைக்கும் நீரில் ஊறப்போட வேண்டும். உலர்ந்த கல் சாந்திலுள்ள நீரைக் குடித்துவிடும். ஒரு நாளில் ஐந்தடிக்கு மேல் சுவரை எழுப்பக் கூடாது. மூன்று நான்கு வரிசைக்கு ஒருமுறை தூக்குக்குண்டு விட்டுப் பார்க்க வேண்டும். சிமெண்டுச் சாந்து என்றால் குறைந்தது ஏழு நாள் நனைக்க வேண்டும். நிறுத்திய இடத்தில் மறுநாள் தொடரும்போது படிப்படியாக விட்டு நிறுத்துங்கள். செங்குத்தாக நிறுத்தினால் அந்த இடம்தான் பின்னால் வெடிக்கும்.

---

வளவுவாசி (கானாடுகாத்தான் பக்கம்)

எல்லோருடைய பதிவுகளையும் அச்செடுத்து வீட்டில் படித்துக் காட்டினேன். நேற்று மூலையில் ஒரு சதுர அடிப் பூச்சை எடுத்துப் பார்த்தோம். மேற்பூச்சு உண்மையாகவே தகடு தகடாக வந்தது. அதன் உடைந்த விளிம்பு சங்கை உடைத்தது போல வெண்மையாக மின்னியது. உள்ளே மெல்லிய தட்டைச் செங்கற்கள். ஒன்றின் கனம் இரண்டு அங்குலம்கூட இல்லை. வரிசைக்கு வரிசை பக்கச் சுவருக்குள் கோத்துக்கொண்டு போகின்றன. மாடிக்கு ஏறி அளந்ததில் மாடிச் சுவரும் நேர்மேலேதான் நிற்கிறது. உத்திர நுனிகளும் இரண்டு பக்கத்திலிருந்தும் இந்தச் சுவருக்குள்தான் நுழைகின்றன. தம்பிக்கும் புரிந்துவிட்டது. சுவர் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். வடக்குப் பக்கச் சுவர் எங்களுக்கும் பங்காளி வீட்டுக்கும் பொதுச்சுவர். அவர்கள் பக்கம் சுவரில் குடைந்து தொலைக்காட்சிக்கும் சுவிட்சுகளுக்கும் பெட்டிகள் வைத்த நாள் முதல் அங்கே பேசுவது இங்கே கேட்கிறது. பின்புறம் ஊருணிக் கரையை ஒட்டிய இடம் நான்கடி தாழ்வாக இருப்பதால், அங்கே மதிலைக் கட்டி மண் நிரப்ப வேண்டும் என்கிறார்கள். மதிலையே உயர்த்திக் கட்டினால் போதுமா?

---

ரசமட்டம்

இரண்டாவதற்கு முதலில் விடை சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் ஆபத்து இருக்கிறது. மதில் வேறு, மண் தாங்கும் சுவர் வேறு. மதில் தன் எடையையும் காற்றையும் தாங்கினால் போதும். மண்ணைத் தாங்கும் சுவரை, மழைக்காலத்தில் நீரில் ஊறிக் கனத்த மண் பக்கவாட்டில் இடைவிடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். 9 அங்குல மதிலுக்குப் பின்னால் நான்கடி மண்ணை நிரப்பினால் முதல் நல்ல மழையில் அது ஊருணிப் பக்கம் சாய்ந்துவிடும். கருங்கல்லில், அடியில் அகலமாகவும் மேலே குறுகலாகவும் கட்டுங்கள். அடி அகலம் மண்ணின் உயரத்தில் பாதிக்கும் குறைய வேண்டாம். சுவரின் பின்னே சல்லி நிரப்பி, ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக நீர் வடியும் துளைகளை விடுங்கள். மண் தாங்கும் சுவர் பெரும்பாலும் சாய்வது பின்னே தேங்கிய நீரால்தான்.

பொதுச்சுவரைப் பொறுத்தவரை, ஒலியைத் தடுப்பது சுவரின் எடையும் இடைவெளியின்மையும். இருபுறமும் பூசிய 9 அங்குலச் செங்கல் சுவர் ஒலியை ஏறத்தாழ 50 டெசிபெல் குறைக்கும். நாலரை அங்குலம் 45 அளவுக்கு. எடையை இரட்டிப்பாக்கினால் ஐந்தாறு டெசிபெல்தான் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் எவ்வளவு கனத்த சுவரானாலும் ஒரு சிறு துளை அந்தப் பயனைக் கெடுத்துவிடும். உங்கள் பக்கத்திலும் மாடக்குழியோ சுவிட்சுப் பெட்டியோ அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். முதுகோடு முதுகாக இரண்டு குழிகள் வந்தால் நடுவே ஓரிரு அங்குலம்தான் மிஞ்சும். பொதுச்சுவர் தீயைத் தடுக்கும் சுவரும் ஆகும். ஒரு வீட்டில் பற்றியது அடுத்த வீட்டுக்குப் போகாமல் மணிக்கணக்கில் நிறுத்த வேண்டிய சுவரில் இருபுறமும் குடைவது எந்த வகையிலும் நல்லதன்று. பங்காளிகளிடம் பேசி, அந்தக் குழிகளைச் செங்கல் துண்டும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்து அடைத்துவிட்டு, பெட்டிகளைச் சுவருக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள்.

மொட்டைமாடி வைத்தால் கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

---

நிழல்முற்றம்

உட்சுவரை விட்டுவைத்ததற்கு மிகுந்த மகிழ்ச்சி. 2014-இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்ற பிறகும், பர்மா தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும்தான் பேசப்படுகின்றன. இவற்றையெல்லாம் சுமந்துகொண்டிருக்கும் சுவரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கூடம் வேண்டுமென்றால் வளவையே பயன்படுத்துங்கள். அது கல்யாணத்துக்கென்றே கட்டிய இடம். புதிய வீட்டின் மேற்குச் சுவருக்கு வெளியே நான்கடி அகலத்துக்குத் தாழ்வாரம் இறக்கிவிடுங்கள். வெயில் படாத 9 அங்குலச் சுவர், வெயிலில் நிற்கும் ஓரடிச் சுவரைவிட வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும்.

---

வளவுவாசி (கானாடுகாத்தான் பக்கம்)

முடிவு செய்தவற்றைப் பதிவு செய்கிறேன். புதிய வீட்டின் வெளிச்சுவர்களும் இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரும் 9 அங்குலம், செங்கல். அவற்றின்மேல்தான் தளம் உட்காரும். குளியலறையைப் பிரிக்கும் சுவர் மட்டும் நாலரை அங்குலம். அதன் தலை தளத்தைத் தொடாமல் சிறிது இடைவெளி விட்டுப் பின்னர் அடைக்கப்படும். பேஸ்மட்டம் தெருவிலிருந்து மூன்றடி. அதன்மேல் ஈரத்தடுப்பு அடுக்கு. மேற்கே தாழ்வாரம். ஊருணிப் பக்கம் கருங்கல் சுவர், துளைகளோடு. பங்காளி வீட்டு அண்ணனிடம் நானே போய்ப் பேசினேன். பெட்டிகளை எடுத்துவிட ஒப்புக்கொண்டார், அடைக்கும் செலவில் பாதியை ஏற்றுக்கொள்வதாகவும் சொன்னார்.

சோதனைக்காக எடுத்த அந்த ஒரு சதுர அடியை மூட, கடுக்காயை உடைத்து நீரில் போட்டிருக்கிறோம்; இன்றோடு நான்கு நாள் ஆகிறது, நீர் தேயிலைச் சாயம் போலக் கறுத்திருக்கிறது. தூக்குக்குண்டு ஐயாவுக்கு ஒரு கேள்வி: அடிப்பூச்சு காய்வதற்கு எத்தனை நாள் விட்டு அடுத்த பூச்சைப் போட வேண்டும்?

---

தூக்குக்குண்டு

நாளைக் கணக்கிட்டுப் போட வேண்டாம், ஐயா. அடிப்பூச்சைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். விரல் பதியக்கூடாது, நகத்தால் கீறினால் மட்டும் கோடு விழ வேண்டும். அந்தப் பதத்தில் லேசாக நீர் தெளித்துவிட்டு அடுத்த பூச்சைப் போடுங்கள். ஓரங்களில் பழைய பூச்சின் விளிம்பை நன்றாக நனைத்துக்கொள்ளுங்கள். மேற்பூச்சுக்குத் தேய்க்க வழவழப்பான கூழாங்கல் ஒன்று என்னிடம் இருக்கிறது. என் அப்பா பயன்படுத்தியது. வரும் வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன்.